மருந்து டேங்கைக் கழுவாமல் வைக்காதீங்க!

தை பிறந்தால் எங்கள் கான்சாபுரத்துப் பக்கம் மாமரமெல்லாம் பூத்து நிற்கும். பூவோடு கூடவே தத்துப்பூச்சியும் வந்துவிடும். எங்களுடையது சின்னத் தோப்பு, குட்டையான ஒட்டு மரங்கள். அதனால் முதுகில் மாட்டுகிற டேங்கை வைத்தே என் வீட்டுக்காரர் மருந்தடித்து விடுவார். அடிப்பது அவர் வேலை. அதைக் கழுவுவது? சகோதரிகளே, அது நம் தலையில்தான் விழுகிறது!

நாலு வருஷத்துக்கு முன்னால் டேங்கைச் சரியாகக் கழுவாமல் திண்ணையில் வைத்துவிட்டேன். "நாளைக்கும் அடிக்கத்தானே போறார்" என்ற அலட்சியம். உள்ளே காய்ந்த மருந்து மறுநாள் நாசிலை அடைத்துக்கொண்டது. அவர் நாசிலைக் கழற்றி, வாயில் வைத்து ஊதியிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாந்தி, வேர்வை ஊற்றுகிறது, வாயில் எச்சில் நிற்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 108-க்குப் போன் செய்தோம். மாமா மட்டும் நிதானமாக, "மருந்து டப்பாவையும் எடுத்துக்கம்மா" என்றார். டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு உயிர் வந்தது.

2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மருந்து வாய் வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும்.

இப்போது நான் கடைப்பிடிக்கிற முறை இதுதான்:

அடித்து முடித்ததும் அன்றைக்கே, தோப்பிலேயே கழுவ வேண்டும். கையில் ரப்பர் உறை கட்டாயம். இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்கி, நாசில் வழியாகவே அடித்து வெளியேற்றுங்கள். அப்போதுதான் குழாயும் சுத்தமாகும். இப்படி மூன்று தடவை. நடுவில் ஒரு தடவை சோப்புத்தூள் போட்டு. அந்தத் தண்ணீரை மருந்தடித்த இடத்திலேயே அடித்துவிடுங்கள். கிணற்றடி, வாய்க்கால், கண்மாய்ப் பக்கம் போகவே கூடாது. மீன் செத்து மிதக்கும். ஆடு மாடு குடித்துவிடும்.

நாசிலையும் வடிகட்டியையும் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரில் அலசுங்கள். ஊசி, கம்பி விட்டுக் குத்தினால் துவாரம் பெரிதாகி மருந்து ஒழுகும். வாயால் ஊதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பேட்டரி டேங்க் என்றால் தண்ணீருக்குள் முக்கிக் கழுவாதீர்கள். கடைசியில் மூடியைத் திறந்து, தலைகீழாக நிழலில் உலர்த்தி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடுப்படி ஆகாது.

களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வேண்டும். ஒருமுறை களைக்கொல்லி அடித்த டேங்கிலேயே தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்து, இலையெல்லாம் சுருண்டு போனதைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

மருந்தடித்த வேட்டி சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். அவர் சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் சோறு.

மருந்து டப்பாவில் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம்; அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சைதானே என்று அலட்சியம் வேண்டாம். உடம்புக்கு ஏதாவது செய்தால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். துணியை மாற்றி, உடம்பைச் சோப்பால் கழுவி, டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எங்கள் டேங்கின் பிடியில் இப்போது ஒரு பழைய பல் பிரஷ் எப்போதும் கட்டித் தொங்குகிறது. "இதென்னளா, டேங்குக்குத் தாலியா?" என்று பக்கத்து வீட்டு மதினி கேலி செய்தார். "என் தாலிதான் மதினி" என்றேன். மறுவாரம் அவர் வீட்டு டேங்கிலும் ஒன்று தொங்கியது. நீங்களும் இன்றைக்கே ஒன்று கட்டிவிடுங்களேன்!