முதுகுத்தண்டு பழுதுற்ற வீரரும் ஆண்டுப் பரிசோதனையும்

போரிற் குண்டடிபட்டு முதுகுத்தண்டு சிதைந்த வீரன் நெடுநாள் உயிர்வாழ்தல் முன்னாளில் அரிதாயிருந்தது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் போரில் அங்ஙனம் காயமுற்றாருட் பெரும்பாலார் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டனர். களத்திற் பிழைத்தாரைப் பின்னர்க் கொன்றவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப்பையினின்று சிறுநீரகங்களைப் பற்றிய நோயுமேயாம். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இங்கிலாந்திலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் இந்நிலையை மாற்றத் தலைப்பட்டார். நோயாளரை அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்தலும், சிறுநீர்ப்பையைத் தூய்மையுறக் காத்தலும், உடற்பயிற்சியும், தொழிற்பயிற்சியுமே அவர் கைக்கொண்ட முறைகள். 1948 ஜூலை 29-இல், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அங்கு விற்போட்டியில் அம்பு தொடுத்தனர்.

நிற்க. இந்நாளில் அன்னார் பல்லாண்டு வாழ்கின்றனர். வாழ்நாள் நீண்டமையால் புதியதொரு வினாவும் எழுந்துளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், முன்னாட் படைவீரர்க்குரிய அரசாங்க மருத்துவ நிலையங்கள் இவ்வீரர்க்கு ஆண்டுதோறும் முழுப் பரிசோதனை அளித்து வருகின்றன. இதன்கண் இருதிறக் கருத்துக்கள் எழுதல் இயல்பே. நலமாயிருக்குங்கால் நெடுந்தொலைவு பயணஞ் செய்து, கேட்ட கேள்விக்கே மீண்டும் விடையிறுத்து வருதல் வீண் என்பார் ஒரு சாரார். எம் உடலை எம்மினும் அறிந்தார் யாவர் என்பதும் அவர்தம் வினா. அப்பரிசோதனையே தம்மைக் காக்கும் அரண் என்பார் மற்றொரு சாரார்.

நாம் பின்னவர் பக்கமே நிற்கின்றோம். காரணம் கூறுதும். நோவு என்பது உடல் நமக்கு விடுக்கும் தூது. தண்டுவடம் அறுந்துழி அத்தூது மூளையை எய்துவதில்லை. இருக்கையிற் புண் உண்டாயினும் எரிச்சல் தோன்றாது. சிறுநீரகத்திற் கல் வளரினும் வலி தெரியாது. கால் எலும்பு முறியினும் உணர்ச்சி இராது. மார்புக்கு மேற்பட்ட இடத்திற் காயமுற்றார்க்கோ, சிறுநீர்ப்பை நிறைதலொன்றே இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தி உயிர்க்கு இறுதி விளைத்தலுங் கூடும். பல்லாண்டு கழித்துத் தண்டுவடத்தினுள் நீர்ப்பை தோன்றி, எஞ்சியிருந்த கைவலியையும் குறைத்தல் உண்டு. சென்ற ஆண்டின் குறிப்போடு இவ்வாண்டின் நிலையை ஒப்பிட்டாலன்றி இத்தகைய சிறு தேய்வை அறிதல் அரிது. ஆதலின், நோவில்லை என்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

எனினும் முன்னவர் குறையையும் புறக்கணித்தல் தகாது. பெயர் தெரியாப் பொருள்போல் உடலைப் புரட்டிப் பார்த்து, வாய்ச்சொல்லைக் கேளாது அனுப்பும் பரிசோதனை பாதிப் பரிசோதனையே. வீரன் நாடோறும் கண்ணாடி கொண்டு தன் தோலைத் தானே நோக்குகின்றான். அவன் கண்டதே முதற்கண் கேட்கத் தக்கது. எனினும் அக்கண்ணாடி சிறுநீரகத்தைக் காட்டாது. இரண்டும் ஒன்றற்கொன்று துணையன்றிப் பகையல்ல. பயணத் துன்பமோ, வீரர்தம் இல்லத்திற்கு அணித்தே பரிசோதனையைக் கொண்டு செல்லுதலாற் குறையும்.

நாற்காலியில் அமர்ந்தார் சொல்லுக்கு எத்துணை மதிப்புண்டென்பதை நம் தமிழகமே கண்டுளது. போர்வீரரல்லராயினும், வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் வாகன விபத்தால் தண்டுவடம் பழுதுற்றார். அதன்பின்னரும் நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகட்கு அறுவை மருத்துவம் புரிந்து, தம்மையொத்தார்க்கு மறுவாழ்வளிக்கும் பணியில் முன்னின்றார். நோயாளரே மருத்துவராயினமையின், இருபாலார் கருத்தும் அவரிடத்து ஒன்றாயின.

மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக. நாட்டிற்காக நடையை இழந்தானுக்கு ஆண்டில் ஒருமுறை அழைப்பு விடுப்பது கடமை. அவன் மனமுவந்து வருமாறு அதனை நடத்துவது அதனினும் பெரிய கடமை.