பட்டியலை வெளியிட ஏன் இந்தத் தயக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நீட் முடிவு வந்ததும் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையச் சுவரெல்லாம் 'வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்.' சுவரொட்டிகள். திருச்சி ஓட்டல் ஒன்றில் இலவசக் கருத்தரங்கு. வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு, கையில் ஒரு வண்ணக் கையேடு. அதன் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'என்.எம்.சி. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்' என்று போட்டிருக்கிறார்கள். என்.எம்.சி. எனப்படும் தேசிய மருத்துவ ஆணையமோ, வெளிநாட்டுக் கல்லூரி எதற்கும் தான் அங்கீகாரம் தருவதில்லை, விதிகளுக்கு உட்பட்ட கல்லூரியா என்று பார்த்துச் சேர வேண்டியது மாணவரின் பொறுப்பு என்கிறது. இல்லாத அங்கீகாரத்தைச் சொல்லி ஏஜென்ட்டுகள் காசு பார்க்கிறார்கள். ஆணையம் இணையதளத்தில் ஓர் எச்சரிக்கையைப் போட்டுவிட்டுக் கைகழுவிக்கொள்கிறது. இதைக் கண்டிக்கவே எழுதுகிறேன்.

2021 நவம்பர் 18 அன்று ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். அந்நாட்டுக் குடிமகனுக்குக் கிடைக்கும் மருத்துவர் உரிமம் நம் மாணவருக்கும் கிடைப்பதாக இருக்க வேண்டும். பிள்ளையை அனுப்ப நிலத்தை அடமானம் வைக்கும் ஒரு விவசாயி, இன்னொரு நாட்டின் மருத்துவச் சட்டத்தை எங்கே போய்ப் படிப்பார்? தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏராளமாகப் போன பிலிப்பைன்ஸையே பாருங்கள். அங்கே முதலில் பி.எஸ். என்ற முன்படிப்பு, அதன் பிறகுதான் எம்.டி. என்ற நான்காண்டு மருத்துவப் படிப்பு. நான்காண்டு என்றால் 48 மாதம். பி.எஸ். படிப்பைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று ஆணையம் சொன்னபோது, அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களின் வீடுகளில் பட்ட பாடு கொஞ்சமல்ல.

படித்துத் திரும்பியவர் எழுதும் தகுதித் தேர்வில் 300 கேள்விகள். தேற 150 மதிப்பெண் வேண்டும். ஐந்தில் ஒருவர்தான் தேறினார் என்று முடிவு வந்த பருவங்கள் உண்டு. இந்தத் தகுதித் தேர்வுக்குப் பதிலாக வரவேண்டிய 'நெக்ஸ்ட்' தேர்வு, 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் இடம்பெற்றும் 2023இல் தள்ளிவைக்கப்பட்டது. தகுதித் தேர்வில் தேறினாலும் இங்கே மறுபடி 12 மாதப் பயிற்சி உண்டு. அதற்கும் ஒரு கல்லூரியின் இடங்களில் 7.5 சதவீதம்தான் இவர்களுக்கு என்று 2022இல் வரம்பு வைத்தார்கள். என்னிடம் படித்த மாணவர் ஒருவர், கையில் வெளிநாட்டுப் பட்டத்தோடு தனியார் மருத்துவமனை மருந்தகத்தில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஓர் ஊசி போடக்கூட அவருக்கு உரிமை இல்லை.

தேர்வை எளிதாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. நாளைக்கு என் பேத்திக்குக் காய்ச்சல் என்றால் அரைகுறையாகப் படித்தவரிடம் காட்ட எனக்கும் மனம் வராது. கண்டிப்பு இருக்கட்டும். அந்தக் கண்டிப்பை ஐந்தாறு வருடமும் லட்சக்கணக்கில் பணமும் போன பிறகு காட்டுவதைவிட, விமானம் ஏறும் முன்பே காட்டினால் என்ன?

உலகத்தில் உள்ள கல்லூரிகளையெல்லாம் ஆராய முடியுமா என்று கேட்பார்கள். நம்மைவிடச் சிறிய இலங்கையில் மருத்துவச் சபை, தான் ஏற்கும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பட்டியலை வைத்திருக்கிறது; அதன் பிறகே பதிவுக்கான பரீட்சை. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில், எந்தக் கல்லூரிகளின் பட்டங்களை ஏற்பதில்லை என்பதைத் தன் இணையதளத்திலேயே சொல்லிவிடுகிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போவதோ விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளுக்கு. அங்கெல்லாம் நம் தூதரகங்கள் இருக்கின்றன. படிப்பு எத்தனை மாதம், எந்த மொழியில், நம்மவருக்கு உரிமம் உண்டா என்பதை ஒரு கடிதம் போட்டே கேட்டுவிடலாமே!

நீட் முடிவு வரும் முன்பே, ஆண்டுதோறும், விதிகளுக்குப் பொருந்தும் கல்லூரிகளின் பட்டியலை ஆணையம் வெளியிட வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் தகுதித் தேர்வு எழுதியவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர் என்ற கணக்கும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். தமிழக அரசு அதைத் தமிழில் அச்சிட்டு மேல்நிலைப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். 'என்.எம்.சி. அங்கீகாரம்' என்று பொய் விளம்பரம் செய்பவர்கள் மீது மோசடி வழக்குப் பதிவு செய்யச் சொல்ல மாவட்ட ஆட்சியர்கள் புகார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சுவரொட்டியே சாட்சி. பட்டியலை வெளியிட மாட்டோம் என்றால், பொறுப்பு முழுவதும் மாணவருடையது என்று சொல்லும் உரிமையும் ஆணையத்துக்கு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
பெரம்பலூர்.