கிரீம்னு சொல்றீங்களே, அதுல பால் எங்க?

"ரெண்டே பொருள் போதும், அடுப்பே வேண்டாம், வீட்டுலயே ஐஸ்கிரீம்" என்று செல்போனைத் திறந்தாலே ஒரு வீடியோ ஓடுது. ஒரு கப் விப்பிங் கிரீம், கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க். அடிச்சு ஃப்ரீசர்ல வச்சா முடிஞ்சது. பட்டணத்துல இருக்குற நம்ம சனமெல்லாம் இதைத்தான் பண்றீங்க. பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லல. அந்த டப்பாவத் திருப்பி ஒரு தடவை படிச்சுட்டுப் பண்ணுங்க.

கேக் சாமான் கடையில விப்பிங் கிரீம்னு குடுக்குறதுல நிறைய பால்ல எடுத்ததே இல்ல. தண்ணி, சர்க்கரை, எண்ணெய்ப்பனைக் கொட்டையில எடுத்து இறுக வச்ச எண்ணெய், அது பிரியாம இருக்க நாலு பவுடர். 'நான்-டெய்ரி'னு இங்கிலீஷ்ல போட்டுத்தான் இருக்கு. வீடியோக்காரங்க வாயில மட்டும் அந்த வார்த்தை வராது. கடை ஐஸ்கிரீம் கதையும் இதுதான். சாதா ஐஸ்கிரீமுக்குப் பால் கொழுப்பு குறைஞ்சது 10 சதவீதம் வேணும்னு சட்டம் இருக்கு. தாவர எண்ணெயில செஞ்சா அதுக்குப் பேரு 'ஃப்ரோசன் டெசர்ட்'. கடைப் பெட்டிக்குள்ள ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கிடக்கும். யாரு பேரைப் படிக்கா?

அது விஷம்னு நான் சொல்ல வரல. சட்டப்படிதான் விக்கிறாங்க. எனக்கு எரியுறது வேற இடத்துல.

எங்க விருதுநகர் பக்கம் வானம் பார்த்த கரிசக் காடு. மழை பெஞ்சா ஒரு வெள்ளாமை, இல்லைன்னா வீட்டுல ஒரு ஆள் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ போகணும். பட்டாசு ஆலை எப்ப வெடிக்கும்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்குற ஊரு. வெள்ளாமையும் வேலையும் இல்லாத நாள்ல அடுப்பு எரியுறது பால் காசுலதான். அந்தப் பாலை ஊத்தப் போனா டிகிரி பாக்கணும், கொழுப்பு பாக்கணும். ஒரு புள்ளி குறைஞ்சா காசு குறையும். மாட்டுக்குத் தண்ணி காட்டினியா, பாலுக்குக் காட்டினியானு கேலி வேற. 2023 டிசம்பர்ல அரசு ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்த்து பசும்பால் லிட்டர் 38, எருமைப்பால் 47னு ஆச்சு. பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் விக்கிற விலைக்கு அது எந்த மூலைக்கு? எங்க பால்ல கொழுப்பு புள்ளிக்கணக்குல குறைஞ்சா குத்தம். பால் கொழுப்பே இல்லாத ஒண்ணுக்கு கிரீம்னு பேரு வைக்கலாமாம்.

குளுகுளுன்னு ஏதாச்சும் வேணும்னா இதைச் செஞ்சு பாருங்க. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்ல கொழுப்பு 6 சதவீதம், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 60 கிராம். அடி கனமான சட்டியில சிறு தீயில வையுங்க. மேல ஏடு கட்டக் கட்ட சட்டி ஓரத்துல ஒதுக்கி ஒட்டவிடுங்க. பால் அரை லிட்டரா சுண்டினதும் ஓரத்து ஏட்டை எல்லாம் சுரண்டி உள்ள விட்டு, 60 கிராம் பனங்கற்கண்டைப் பொடிச்சு, ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டு இறக்குங்க. ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல நாலு மணி நேரம். ஃப்ரீசர் வேண்டாம், கல்லாயிடும். இப்பக் கணக்குப் போடுங்க: இனிப்பு சேர்ந்த பிறகும் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் கீழ போகாது. சட்டம் ஐஸ்கிரீமுக்குக் கேக்குறது அவ்வளவுதான்! சீசன்ல ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம் கிடைச்சா மேல நறுக்கிப் போடுங்க, எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வையுங்க.

அடுப்பு கிட்ட முக்கால் மணி நேரம் நிக்க முடியாதாக்கும்? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல புவிசார் குறியீடு வந்துச்சே, அது பால்கோவாக்காரங்க அனல்ல நின்னு கிண்டினதுக்கு வந்தது.

என் கோரிக்கை ஒண்ணுதான். பால் கொழுப்பு இல்லாத டப்பா எதுவா இருந்தாலும், முன்பக்கத்துல, பேரு இருக்குற அதே சைஸ் எழுத்துல, 'இதில் பால் கொழுப்பு இல்லை'னு தமிழ்ல போடணும். லேபிள் அடிக்க வெளியூரு போக வேண்டாம். சிவகாசியில ஆப்செட் பிரஸ்சுக்கா பஞ்சம்?