பிழைக்கு அஞ்சுதல்

நம் மாணவருள் எழுத வல்லார் பலர். எனினும் மலருக்குக் கட்டுரை கேட்பின், "இன்னும் திருத்த வேண்டும்" என்றே விடை வருகின்றது. திருத்தம் முற்றுமுன் ஆண்டு முற்றிவிடுகின்றது. இதனை அடக்கமென்று கூற நாம் இசையோம். பெரும்பாலும் இஃது ஏச்சுக்கு அஞ்சும் அச்சமே.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், 1711-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தார். ஐந்தாண்டுப் பழக்கத்தில் எழுந்த தமிழ் எங்ஙனம் இருக்கும்! அச்சிலும் இடர் நேர்ந்தது. ஜெர்மனியினின்று வந்த எழுத்துகள் பருத்திருந்தமையால் தாள் போதாதாயிற்று. பின்னர்ச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, எஞ்சிய பகுதியை 1715-இல் அச்சிட்டு முடித்தனர். ஒரே நூலில் இருவகை எழுத்து! அதன் நடையை வீரமாமுனிவர் எள்ளினார். எள்ளியதில் நியாயமும் உண்டு. ஆயினும், பிழையற்ற தமிழ் கைவரட்டுமென்று ஐயர் காத்திருந்தால் என்னாம்? 1719-இல், 36 வயதிலேயே அவர் மறைந்தார். பழைய ஏற்பாடு ரூத்தின் சரித்திரம் வரையே வந்திருந்தது. எஞ்சியதைச் சூல்ச் ஐயர் முடித்தார். பப்ரிசியுஸ் ஐயர் புதுக்கினார். பவர் ஐயர் குழுவினரின் திருத்தம் 1871-இல் வெளிவந்தது. முன்னொன்று இருந்தமையாலன்றோ திருத்தினர்!

நிற்க. சிவகாசியில் பட்டாசுக்கு மருந்து அளப்போர் பிழை செய்யலாகாது, உயிர் போம். அவ்வூர் அச்சுக்கூடத்தார் நிலை வேறு. நாட்காட்டிப் படத்தில் வண்ணங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்துமுன் தாள் சில வீணாகும். அதற்கென்றே தாளைக் கூட்டி வைப்பர். வீண்தாளுக்கு நாணி எந்திரத்தை நிறுத்துவார் இலர். கட்டுரை எவ்வகைத் தொழில் என்பதை நண்பர் எண்ணிப் பார்ப்பாராக. அடித்தல் திருத்தல் மலிந்த கைப்படிகளையும் அடுத்த மலருக்கு அனுப்பலாம். சந்திப்பிழை களைவதில் நம் தமிழாசிரியர்க்குள்ள இன்பத்தை நாம் ஏன் கெடுத்தல் வேண்டும்?