ரோபோவுக்கு வாத்தியார் யார்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைக் காட்டுவார்கள். நான்காவதாக ஒரு சிறு குன்றும் உண்டு. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். ராஜாவுக்கு ஒரு மலை, சாமிக்கு ஒரு மலை, தோல் தொழிலாளிக்கோ சாதிப் பெயர் ஒட்டிய ஒரு குன்று! குதிரைச் சேணம், வாளுறை, கிணற்றில் நீர் இறைத்த கவலை எல்லாவற்றுக்கும் தோல் வேண்டும். அந்தத் தோலைப் பதப்படுத்தத் தெரிந்தவரை அறிவாளி என்று யாரும் சொன்னதில்லை. குலத்தொழில் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

இந்தப் பழைய கணக்கை இப்போது எடுக்க வைத்தது ரோபோ.

கரூரில் இளைஞர்கள் நெற்றியில் கேமரா கட்டிக்கொண்டு துண்டு மடிக்கிறார்கள் என்று 2025 இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. கூடையிலிருந்து துண்டை எடுக்க வேண்டும், உதறி மேசையில் விரிக்க வேண்டும், மடித்து ஓரமாக வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தைத் தாண்டினாலோ ஒரு படி தவறினாலோ மறுபடி முதலிலிருந்து. இப்படி நூற்றுக்கணக்கான முறை. கை எங்கே பிடித்தது, எப்போது விட்டது என்று அந்தக் காணொளிகளில் குறித்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். அதைப் பார்த்துத்தான் அங்கே ரோபோ துணி மடிக்கப் பழகுகிறது.

ஏன் இந்தப் பாடு? ஈரத்துணி எப்படிச் சுருளும், எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் விதிகளாக எழுதிக்கொடுக்க எந்தப் பொறியாளராலும் முடியவில்லை. சதுரங்கத்தில் உலகச் சாம்பியனைக் கணினி 1997-லேயே தோற்கடித்துவிட்டது. துண்டு மடிக்கத்தான் இன்னும் திணறுகிறது. 'மூளை வேலை' உயர்ந்தது, 'கை வேலை' அறிவற்றது என்று நூற்றாண்டுகளாகச் சாதி போட்டுவைத்த தரவரிசைக்கு இதைவிட நல்ல மறுப்பை நாம் தேடிப்போக வேண்டியதில்லை.

கரூர் இளைஞர்கள் என்ன சாதி என்பது இங்கே பேச்சில்லை. கைக்குள் இருக்கும் அறிவு யாருக்குச் சொந்தம் என்பதே கேள்வி. காணொளி போய்ச் சேர்ந்த பிறகு மடித்தவருக்கு அதில் பெயரும் இல்லை, பங்கும் இல்லை. சொல்லிக்கொடுப்பவருக்கு இங்கே கிடைப்பது கூலி மட்டும்.

பார்த்துப் பழகு என்பது நமக்குப் புதிய பாடம் இல்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கும். பள்ளியில் மூன்று மணி நேரம், மிச்ச நேரம் அப்பன் செய்யும் தொழிலைப் பார்த்துப் பழக வேண்டும். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்துப் போராடினார். 1954-இல் காமராசர் அதை நீக்கினார். அன்று அப்பனைப் பார்த்துப் பழகச் சொன்னது பிள்ளையை அந்தத் தொழிலிலேயே கட்டிப்போட. இன்று நம்மைப் பார்த்துப் பழகும் இயந்திரம் அந்தத் தொழிலிலிருந்து நம்மை வெளியேற்றும். ஆனால் எங்கே?

வெளியேறியே தீர வேண்டிய இடம் ஒன்று உண்டு. மலக்குழி. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவு நிற்கவில்லை. துண்டு மடிக்கும் ரோபோவுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளிகூட இந்தப் பக்கம் வருவதில்லை. மலக்குழியில் மனிதரை இறக்குவது இங்கே அவ்வளவு மலிவு! கேரளத்தில் உருவாகி கும்பகோணம் வரை வந்த பாண்டிகூட் போன்ற கருவிகளை வரவேற்கிறோம். தொழிலாளி மேலே நின்று, திரையைப் பார்த்து அதை இயக்குகிறார். அவருடைய அந்தக் கை அசைவுகளே நாளை தானாக இயங்கும் இயந்திரத்துக்குப் பாடமாகலாம். அடைப்பு எங்கே இருக்கும், மண்ணா கல்லா என்று தட்டிப் பார்த்தே சொல்லத் தெரிந்தவர் அவர்தானே.

அப்படியானால் அவர் ஆசிரியர். ஆசிரியருக்குரிய ஊதியம் தர வேண்டும். அவர் எழுத்தில் சம்மதிக்காமல் எந்தப் பதிவும் கூடாது. அந்தப் பதிவால் வரும் வருமானத்தில் பங்கும், இயந்திரத்தை இயக்கும் வேலையில் நிரந்தரப் பணியும் வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தது தனியார்மயத்தை எதிர்த்துப் பணி நிரந்தரம் கேட்டுத்தான். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். செஞ்சியானாலும் சென்னையானாலும், கழிவுநீர் இயந்திரம் வாங்க அடுத்த ஒப்பந்தப்புள்ளி வரும்போது தொழிற்சங்கங்கள் முதலில் தேட வேண்டியது இந்த நிபந்தனைகளை.