கழுத்தைத் திருகுகிறவர்களை யார் கண்காணிக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் கைரோபிராக்டிக் சிகிச்சையைப் புகழ்ந்து ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. கழுத்து வலி, தலைசுற்றல், ஆஸ்துமா, கைக்குழந்தையின் விடாத அழுகை என எல்லாவற்றுக்கும் முதுகெலும்பைச் சரிசெய்தால் போதுமாம். ஓரத்தில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று போட்டிருக்கிறீர்கள். எத்தனை வாசகர்கள் அதைக் கவனித்திருப்பார்கள்?

யூடியூபிலும் இதே கதைதான். படுத்திருப்பவரின் தாடையை ஒரு கையிலும் பிடரியை மறு கையிலும் பிடித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, அவர் எதிர்பாராத நொடியில் வெடுக்கென்று திருப்புகிறார்கள். 'சடக்'கென்ற சத்தம் தெளிவாகக் கேட்கக் கழுத்தருகே மைக் வேறு. எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று நோயாளி நம்புகிறார். உண்மையில் அது மூட்டுத் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். விரலில் சொடக்கு எடுத்தாலும் கேட்கும்.

கைரோபிராக்டிக் 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் தொடங்கியது. காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி. பால்மர், ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகை அழுத்தி, கேளாத காதைக் கேட்க வைத்ததாகச் சொன்னார். முள்ளெலும்பு விலகி நரம்பை அழுத்துவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்றார். கேட்கும் நரம்போ முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. இந்த 'விலகல்'தான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல ஆராய்ச்சி ஆதாரம் கிடையாது என்று பிரிட்டனின் கைரோபிராக்டிக் மன்றமே 2010-இல் அறிவித்துவிட்டது.

இடுப்பு வலிக்கு இதில் ஓரளவு பலன் உண்டு. பிசியோதெரபியும் உடற்பயிற்சியும் தருகிற அளவு. கழுத்து அப்படியல்ல. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே ஏறி, முதல் எலும்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. திடீரென்று திருகினால் அவற்றின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் வந்தால் உயிரே போகலாம். 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 34 வயதில் இறந்த மாடல் கேட்டி மேயின் மரணத்துக்கு, கழுத்தைத் திருகியதில் தமனி கிழிந்ததே காரணம் என்று மரண விசாரணையில் பதிவானது. தமனி முன்பே கிழிந்த வலியோடுதான் இப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள் என்று இத்துறையினர் வாதாடுகிறார்கள். அப்படியானால் வலியோடு வருபவரின் கழுத்தைத் திருகுவது இன்னும் பெரிய ஆபத்தல்லவா?

ஆஸ்திரேலியாவில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் முதுகெலும்பில் கைவைக்க வேண்டாம் என்று கைரோபிராக்டர்களுக்கு 2024-இல் மறுபடியும் தடை வந்தது. அங்கே பட்டம், பதிவு, மேற்பார்வை எல்லாம் இருந்தும் அந்த நிலை. இங்கே இத்தொழிலுக்கென்று சட்டப்படியான பதிவு மன்றமே இல்லை. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டிருப்பவர் எங்கே, எத்தனை நாள் படித்தார் என்று நோயாளி யாரிடம் போய்க் கேட்பார்?

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. சுகாதாரத் துறை இந்த மையங்களுக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கட்டும். ஆஸ்துமாவையும் குழந்தை அழுகையையும் தீர்ப்பதாகச் சொல்லும் பலகைகளை இறக்கட்டும்.

நீங்களும் இத்தகைய விளம்பரங்களை நிறுத்துங்கள். கழுத்தைத் திருகியபின் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், நடைத் தள்ளாட்டம் ஏதாவது வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை அடுத்த இதழிலேயே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்