கையெழுத்துக்கும் ஓர் எழுத்துரு வேண்டும்

நம்மவர் வீட்டுத் திருமண அழைப்பிதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மணமக்களின் பெயர் ஆங்கிலத்தில் கொடிபோல் வளைந்து ஓடும். அதே பெயர் கீழே தமிழில், காலைப் பெரட்டுக்கு நிற்பவர்போல் விறைத்து நிற்கும். பாடநூலில் வரும் அதே எழுத்து! தமிழுக்கு நளினம் வராது என்று இளையோர் நினைத்தால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஆங்கில எழுத்துக்கு அந்த நளினம் கையெழுத்திலிருந்துதான் வந்தது. 1501இல் வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூசியஸ் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற சாய்வெழுத்து, அக்காலக் கற்றோரின் கையெழுத்தைப் பார்த்து பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டியது. நாமோ அச்செழுத்தைக் கணினியில் ஒரு பக்கம் சாய்த்துவிட்டு அதைக் கையெழுத்து என்கிறோம். இது ஏமாற்று வேலை.

தமிழ்க் கையெழுத்தின் போக்கு வேறு. எழுத்துக்கு எழுத்து கோடிழுத்து இணைத்தால் துணைக்காலும் ரகரமும் குழம்பும், புள்ளி தொலைந்துபோகும். நம் அழகு எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. 'ழ'வின் கீழ்ச்சுழிப்பையும் 'ஞ'வின் மடிப்பையும் ஒரு பழைய கடிதத்தில் பார்த்தால் புரியும்.

சிம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து என் பாட்டி எழுதிய கடிதங்கள் எங்கள் வீட்டில் உள்ளன. அவர் 'லை', 'னை' எழுதினால் எழுத்தின் முன்னே யானைத் துதிக்கைபோல ஒரு சுழி எழும்பி நிற்கும். பெரியார் 1935இல் 'குடி அரசு' ஏட்டில் கையாண்டு, தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்ற சீர்திருத்தத்திற்குப் பின் அச்சில் அவ்வடிவம் மறைந்தது. சீர்திருத்தம் சரியே, பாடநூலுக்குத் துதிக்கை வேண்டாம். ஆனால் ஓர் எழுத்துக்கு மாற்று வடிவங்கள் வைக்க இன்றைய எழுத்துருக்களில் இடமுண்டு. அழைப்பிதழில் ஒரு பெயருக்கு மட்டும் அந்தத் துதிக்கை எழுந்தால் யாருக்கு நட்டம்?

முயற்சிகள் இல்லாமல் இல்லை. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' கையெழுத்துப் பாணி எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர். ஆக, திறமைக்கும் பஞ்சமில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இத்தகைய எழுத்துரு பெயருக்கும் நூலட்டைக்கும் வாழ்த்து மடலுக்கும் பொருந்தும். முகூர்த்த நேரத்தையும் மண்டப முகவரியையும் அதில் அச்சிட்டால், வரவேண்டிய உறவினர் ஈப்போவைச் சுற்றிச் சுற்றி வருவார்.

பேராக்கின் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களைக் காலி செய்தபோது தகரப் பெட்டிகளோடு கடிதங்களும் குப்பைக்குப் போயின. எஞ்சியவற்றையாவது காப்போம். விடுமுறைக்கு சுங்கை சிப்புட்டுக்கும் தாப்பாவுக்கும் திரும்பும் நண்பர்கள், பெரியவர்களின் கடிதங்களை அனுமதி கேட்டு நகலெடுத்து வாருங்கள். எழுத்து வடிவம் மட்டும் போதும். குடும்பச் சங்கதி நமக்கு வேண்டாம்.